மோசடிக் கேஸ்களை வைத்து எம்.பி.ஏ. வகுப்பு நடத்துவது எப்படி? (காரைக்குடி வட்டார ஆசிரியர்கள் கவனத்துக்கு)

காரைக்குடி_வணிகவியல்

வணக்கம். வரும் பருவத்தில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு வணிக நெறியும் நிறுவன ஆளுகையும் என்ற தாள். வகுப்பில் 40 பேர். பாதிப் பேர் தமிழ்வழியில் பி.காம். முடித்தவர்கள். கால்வாசிப் பேருக்கு வீட்டிலேயே கடை, பட்டறை, பலகாரத் தொழில் என்று ஏதாவது ஒன்று உண்டு. வாரம் ஒரு 90 நிமிட வகுப்பு, மொத்தம் 12.

பாடப்புத்தகக் கேஸ்கள் (வகுப்பில் விவாதிக்கக் கொடுக்கும் நிறுவனக் கதைகள்) எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. கம்பெனி வளர்ந்தது, தலைவர் பேராசைப்பட்டார், மாட்டிக்கொண்டார், கீழே நான்கு கேள்வி. இதைப் படித்துவிட்டு 'அந்த ஆள் கெட்டவர்' என்பதைத் தவிர மாணவர் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. எந்தக் கேஸை எடுக்கலாம், வகுப்பில் எப்படி நடத்தலாம், நம்ம ஊர்ப் பக்கத்து விவகாரத்தை எழுதிக் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஐந்தொகை

சார், ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். மாணவர் கையில் கொடுக்கும் தாளில், விஷயம் வெளியே வந்த நாளுக்குப் பிந்திய ஒரு வரிகூட இருக்கக் கூடாது. முடிவு தெரிந்துவிட்டால் எல்லாருக்கும் எல்லாமே பளிச்சென்று தெரியும், 'இதைக்கூடவா கவனிக்கவில்லை' என்று சிரிப்பார்கள். அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தவருக்கு அப்படித் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதுதான் பாடம்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற ஐ.டி. கம்பெனியை வைத்துச் சொல்கிறேன். வழக்கமாக 2009 ஜனவரி 7-ல் தலைவர் மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தில்தான் ஆரம்பிப்பார்கள். தாள்களை இரண்டு கவராகப் பிரித்து, அந்தக் கடிதத்தைத் தூக்கி இரண்டாம் கவரில் போடுங்கள். முதல் கவரில் நான்கே பக்கம்: 2008 செப்டம்பர் காலாண்டின் வெளியிட்ட முடிவுகள், அதே மாதம் அந்தக் கம்பெனிக்கு நிறுவன ஆளுகைக்காகக் கிடைத்த தங்க மயில் விருதுச் செய்தி, 2008 டிசம்பர் 16 வாரியக் கூட்டத்துக்கு நீங்களே தயாரிக்கும் ஒரு பக்க நிகழ்ச்சி நிரல், இயக்குநர்களின் பதவிப் பட்டியல். நிரலில் உள்ள விஷயம் இதுதான்: நிலம், கட்டுமானத் தொழிலில் இருக்கும், தலைவர் குடும்பத்தாரின் இரண்டு மேதாஸ் கம்பெனிகளைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கலாமா?

மாணவர்தான் இண்டிபெண்டென்ட் டைரக்டர், அதாவது தலைவர் தரப்பைச் சேராத வெளி இயக்குநர். கை தூக்கணும், அல்லது கேள்வி கேட்கணும். அந்த வாரியத்தில் பெயர் பெற்ற மேலாண்மைப் பேராசிரியர்களே இருந்தார்கள், ஒப்புதலும் கொடுத்தார்கள் என்பதை வகுப்பின் கடைசியில் சொன்னால் போதும். முதலிலேயே சொன்னால் கேலிக்கூத்து ஆகிவிடும்.

விவாதம் நடக்கும்போது போர்டில் மூன்று கட்டம் போடுங்கள். அன்றே கண்ணுக்குத் தெரிந்தது, கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. மாணவர் சொல்லும் ஒவ்வொரு குறிப்பையும் இதில் ஒன்றில் எழுத வைக்க வேண்டும். ஐ.டி. கம்பெனி எதற்கு நிலமும் கட்டுமானமும் வாங்குகிறது என்பது முதல் கட்டம். விலையை மதிப்பிட்டது யார், அவரை நியமித்தது யார் என்பது இரண்டாவது. வங்கிச் சான்றே போலி என்பது மூன்றாவது, ஏனென்றால் டைரக்டர் மேஜைக்கு வருவது ஆடிட்டர் கையெழுத்திட்ட தாள்தான். மூன்றாவது கட்டம் காலியாகவே கிடந்தால் வகுப்பு தடம் மாறிவிட்டது என்று அர்த்தம், பிள்ளைகள் முடிவைத் தெரிந்துகொண்டு பேசுகிறார்கள்.

பிறகு இரண்டாம் கவர். கடிதத்தின் எண்கள்: கணக்கில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி, அதில் 5,040 கோடி இல்லாதது. இல்லாத வட்டி 376 கோடி. காட்டாத கடன் 1,230 கோடி. வரவேண்டிய பாக்கியில் மிகை 490 கோடி. இதைப் படித்துக் காட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், உண்மையான விருந்து அடுத்த பத்தியில் இருக்கிறது. செப்டம்பர் காலாண்டில் காட்டிய வருமானம் 2,700 கோடி, லாபம் 649 கோடி. உண்மை வருமானம் 2,112, லாபம் 61. இரண்டையும் கழிக்கச் சொல்லுங்கள். வருமானத்தில் மிகை 588, லாபத்திலும் மிகை 588.

ஏன் இரண்டும் ஒன்றாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். யாராவது ஒருத்தர் பிடிப்பார்: இல்லாத விற்பனைக்குச் சம்பளச் செலவு கிடையாது, அதனால் பொய் முழுக்க லாபத்தில் போய் விழுகிறது. அந்த லாபம் ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) எங்காவது உட்கார்ந்தாக வேண்டும், ஆகவே வங்கி இருப்பு. பொய் சொன்னால் அதற்கு இடம் தேட வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

ரஸ்தா

எல்லாம் சரிண்ணே. சத்யம்னு பேரைப் பார்த்த அடுத்த நிமிஷம் போனை எடுத்து மொத்தக் கதையையும் படிச்சிருவானுக. அப்புறம் கவராவது ஒண்ணாவது.

என்னைக் கேட்டா சுருக்கமான கேஸே போதும். அமெரிக்காவுல போர்டு கம்பெனியோட பின்டோ கார்னு ஒண்ணு இருக்கு. காருக்கு 11 டாலர் செலவு பண்ணா பெட்ரோல் டேங்க் தீப்பிடிக்காது, ஆனா செத்தவங்களுக்கு நஷ்டஈடு குடுக்குறது அதவிட மலிவுன்னு கணக்குப் போட்டு விட்டுட்டானுக. ஒரு பக்கம், ஒரு கணக்கு, பாடம் முடிஞ்சுது.

பள்ளத்தூர் ஆச்சி

போன் விஷயத்துக்கு வழி இருக்கிறது. பெயரை மாற்றி, எல்லா எண்ணையும் ஒரே பெருக்கு எண்ணால் பெருக்கிவிடுங்கள். 0.62 என்று வைத்துக்கொள்வோம். 2,700 என்பது 1,674 ஆகும், 649 என்பது 402.4. லாப விகிதம் அதே 24 சதவீதம். ஒரு தசமத்தைக் கட்டாயம் விட்டுவையுங்கள். முழு எண்ணாக்கினால் ஐந்தொகை சொன்ன 588 சமாச்சாரம் ஒரு பக்கம் 365, ஒரு பக்கம் 364 என்று வந்து நிற்கும், பிள்ளைகள் அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு போவார்கள்.

தொழிலை மாற்றும்போது கவனம். மென்பொருள் கம்பெனியை நூற்பாலை ஆக்கினால் சரக்கு இருப்பு எங்கே என்று முதல் கேள்வியிலேயே வேஷம் கலைந்துவிடும். சேவைத் தொழிலைச் சேவைத் தொழிலாகவே வைத்து, கால் சென்டர் என்று மாற்றலாம். ஆண்டை மாற்றினால் அந்த ஆண்டின் வட்டி விகிதம், வரி விகிதம், டாலர் மதிப்பு மூன்றும் கூடவே மாற வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் ஆண்டை மாற்றாதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் செய்வதில்லை. ஐந்து கேஸ் கொடுத்தால் அதில் ஒன்று தப்பே நடக்காத கம்பெனியாக இருக்கட்டும். லாபம் திடீரென்று ஏறியிருக்கும், ஆடிட்டர் மாறியிருப்பார், குடும்பக் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கலும் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேரான காரணம் குறிப்புகளில் இருக்கும். மோசடி பற்றிய தாள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் 'ஃப்ராடு' என்று எழுதப் பழகிவிடுகிறார்கள். வேலைக்குப் போய் அப்படிச் செய்தால் நேர்மையான கணக்காளர் ஒருவர் பெயர் கெடும். அந்த ஒரு கேஸ் எது என்று கடைசி வகுப்பு வரை சொல்லாதீர்கள்.

ஐந்தொகை

ரஸ்தா, பின்டோவை அப்படிச் சொல்லிக் கொடுத்தால் நாமே தப்பான கேஸ் நடத்தியவர்கள் ஆவோம். அந்தத் தாள் எதற்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். 1973-ல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு அனுப்பியது. கார் உருண்டு கவிழும்போது எரிபொருள் கசிவது பற்றியது, பின்னால் மோதுவது பற்றியது அல்ல. பின்டோவுக்கு மட்டும் என்றும் இல்லை. 1.1 கோடி கார், 15 லட்சம் சிறு லாரி, ஆக 1.25 கோடி வண்டிக்கு 11 டாலர் வீதம் 13.7 கோடி டாலர் செலவு. எதிர்ப்பக்கம் 180 சாவுக்கு ஆளுக்கு 2 லட்சம் டாலர், 180 தீக்காயத்துக்கு 67,000, எரிந்த 2,100 வண்டிக்கு 700. கூட்டினால் 4.95 கோடி. அந்த 2 லட்சம் என்ற விலையையும் அரசு அமைப்பே தந்திருந்தது.

அதனால் அந்த வண்டி பத்திரமானது என்று ஆகிவிடாது. பின்டோவின் டேங்க் வைத்த இடம் பற்றிய புகார் வேறு, அதற்கு வழக்கு வேறு, 1978-ல் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது வேறு. ஆனால் 'நஷ்டஈடு மலிவு என்று முதலாளி கணக்குப் போட்டார்' என்ற ஒரு வரிக் கதை மூலத்தாளில் இல்லை. இதையே வகுப்பாக்கலாமே: முதலில் பரவலான கதையைக் கொடுங்கள், பிறகு மூலத்தாளின் விவரம். கதை எங்கே திரிந்தது என்று கண்டுபிடிக்கட்டும். மேலாளர் ஆகப்போகிறவருக்கு வதந்தியையும் ஆவணத்தையும் பிரிக்கத் தெரிய வேண்டாமா?

ரஸ்தா

அப்படியா சேதி. இது நல்லாத்தான் இருக்கு. சரி, கார், சாஃப்ட்வேர் எல்லாம் கிடக்கட்டும். செட்டிநாட்டுப் புள்ளைகளுக்குப் பலகாரக் கணக்கு புரியுற அளவுக்கு வேற எது புரியும்?

கைமுறுக்கு, தேன்குழல் பாக்கெட்டுல 250 கிராம்னு அச்சடிக்குறோம். எடையளவுச் சட்டப்படி 200-லிருந்து 300 கிராம் வரை பாக்கெட்டுக்கு 9 கிராம் வரைக்கும் குறை மன்னிப்பு. 300-லிருந்து 500 வரை 3 சதவீதம், 500-லிருந்து ஒரு கிலோ வரை 15 கிராம். இது தெரிஞ்ச முதலாளி ஒருத்தர் மெஷினையே 243-ல செட் பண்ணிடறார்னு வைங்க. எந்தப் பாக்கெட்டை எடுத்து வச்சாலும் 9 கிராமுக்குள்ளதான் குறையும். மாசம் 20,000 பாக்கெட்னா 7 கிராம் வீதம் 140 கிலோ. கிலோ 360 ரூபாய்னா 50,400 ரூபாய் சும்மா வருது. 'சட்டத்துக்கு உட்பட்டுத்தானே செய்யுறேன்'ம்பார். புள்ளைகள் பாதிப்பேர் ஆமாம்னுதான் சொல்லும்.

அங்கதான் பிடிக்கணும். அந்த 9 கிராம் தனிப் பாக்கெட்டுக்கு. கூடவே இன்னொரு நிபந்தனை இருக்கு, சோதிக்க எடுத்த பாக்கெட்டுகளோட சராசரி, மேல போட்ட எடைக்குக் குறையக் கூடாது. ஒண்ணு 244, ஒண்ணு 256 வந்தா மெஷின் தடுமாற்றம். எல்லாமே 243-ன்னா திட்டம் போட்டது. இதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் வேணாம், தராசு போதும்.

பள்ளத்தூர் ஆச்சி

ரஸ்தா தம்பி சொன்னதுதான் இந்த இழையிலேயே உருப்படியான கேஸ். நேர் மோசடியைவிட, விதியின் ஓரத்தில் நடப்பதுதான் மாணவருக்கு நாளைக்கு வேலையில் வரப்போவது.

இதில் வேஷம் பிரித்துக் கொடுக்கலாம். முதலாளி, மெஷின் ஓட்டுபவர், மதுரை மொத்த வியாபாரி, எடையளவைச் சோதிக்கும் முத்திரை ஆய்வாளர், போன வாரம் சேர்ந்த எம்.பி.ஏ. பட்டதாரி. பட்டதாரிக்கு மட்டும் ஒரு தனித்தாள்: தினசரி எடைப் பதிவேட்டின் 25 வரிகள். மற்றவர்களுக்கு அந்தத் தாள் தெரியாது. அவர் அதை யாரிடம், எந்த வார்த்தையில், முதலில் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். நேரே ஆய்வாளரிடம் ஓடுகிறாரா, முதலாளியைத் தனியே பார்த்து 'மெஷின் ஜாஸ்தி இறங்கியிருக்கு, 251-ல வைக்கட்டுமா' என்று வழிவிட்டுப் பேசுகிறாரா, வாயை மூடிக்கொள்கிறாரா? வழிவிட்டுப் பேசுவது கோழைத்தனமா, சாமர்த்தியமா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும், நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

எண்ணெயிலும் இதே போல ஒன்று எழுதலாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மம் (எண்ணெய் எவ்வளவு கெட்டது என்று காட்டும் அளவு) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி. அளவுக் கருவி வாங்காத கடையில் '25-க்குள்தான் இருக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன செய்வது என்பது கேள்வி.

கிட்டங்கி

வங்கிப் பக்கம் ஒன்று. பஞ்சாப் நேஷனல் வங்கி, மும்பை பிராடி ஹவுஸ் கிளை, 2018-ல் வெளிவந்தது. முதலில் சொன்ன தொகை சுமார் 11,400 கோடி, பிறகு 13,000 கோடிக்கு மேல் போனது. வைரக் கம்பெனிகளுக்கு உறுதிக் கடிதம் (இவர்கள் வாங்கும் கடனுக்கு எங்கள் வங்கி பொறுப்பு என்ற கடிதம்) கொடுத்து, அதை ஸ்விஃப்ட் என்ற வங்கிகளுக்கிடையிலான செய்தி அமைப்பின் வழியாக, கடன் கொடுக்கும் வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஸ்விஃப்ட் அன்றைக்கு வங்கியின் சி.பி.எஸ். என்ற மையக் கணினிக் கணக்கோடு இணைக்கப்படவில்லை. செய்தி போகும், கணக்கில் ஏறாது. பழைய கடிதத்தின் கடனைப் புதுக் கடிதத்தின் பணத்தால் அடைத்து ஏழெட்டு வருஷம் ஓடியது.

வெளியே வந்த விதம்தான் பாடம். அந்த மேஜையில் பல வருஷம் இருந்தவர் ஓய்வு பெற்றார். 2018 ஜனவரியில் கம்பெனிக்காரர்கள் வழக்கம்போலக் கடிதம் கேட்டு வந்தபோது, புது அதிகாரி நூறு சதவீத ரொக்க ஈடு கேட்டார். 'இதுவரைக்கும் ஈடு இல்லாமல்தானே கொடுத்தீர்கள்' என்றார்கள். பதிவேட்டில் பார்த்தால் அப்படிக் கொடுத்ததாக ஒன்றுமே இல்லை.

நம்ம ஊர் மாணவருக்கு இதை நகரத்தார் லேவாதேவியோடு சேர்த்துக் கொடுங்கள். பர்மா, மலேயாக் கடைகளுக்குப் போன ஏஜெண்டுகளுக்குத் தவணை மூன்று வருஷம். முடிந்ததும் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். புதிதாக வருபவர் பேரேட்டைப் புரட்டி, பற்றுக்காரர் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துத்தான் பொறுப்பெடுப்பார். இன்றைக்கு வங்கிகளில் கட்டாய இடமாற்றம், கட்டாய விடுப்பு என்று வைத்திருப்பதற்கும் காரணம் அதேதான், பழைய ஆள் நாற்காலியில் இல்லாத நாளில் மறைத்தது மேலே வரும்.

ஆனால் அதைப் புகழ் பாடும் பாடமாக்கிவிடாதீர்கள். மாணவரிடம் திருப்பிக் கேளுங்கள்: மூன்று வருஷத்தில் லாபம் காட்டி அதில் பங்கு வாங்கப் போகிறவர், மூன்றாம் வருஷக் கடைசியில் எப்படிப்பட்ட கடனைக் கொடுப்பார்? வராத வட்டியை வந்ததாக எழுதத் தோன்றாதா? அடுத்தவர் போய்ச் சேர எத்தனை வாரம் கப்பலில்? ஒரு கட்டுப்பாடு எந்த ஓட்டையை அடைக்கிறது, எதைத் திறக்கிறது என்று இரண்டு பக்கமும் எழுத வைக்க இது தோதான கேஸ்.

கிட்டங்கி

சேர்த்து ஒன்று. கெட்ட வணிகம் என்றாலே திருட்டு என்று ஆகிவிட்டது. யாரும் திருடாமலே மூழ்கிய தொழிலும் பாடத்தில் வேண்டும். 1930-ல் நெல் விலை சரிந்தபோது கீழ்பர்மாவில் வாங்கிய கடனை விவசாயியால் அடைக்க முடியவில்லை, ஈடாக இருந்த நிலம் செட்டியார்களின் வட்டிக் கடைகள் கைக்கு வந்தது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது, 1938 வாக்கில் ஏறத்தாழ 25 சதவீதம். பணமாக இருந்த முதல், விற்க முடியாத வயலாக மாறியது. ஜப்பான் படை வந்தபோது அதுவும் போயிற்று.

மாணவர் 1931-ல் கீழ்பர்மாவின் பெகுவில் ஏஜெண்டு. விலை பாதிக்குப் பாதி. தவணையை நீட்டுவதா, நிலத்தை எடுப்பதா? ஒவ்வொரு கடன்காரரையும் தனித்தனியே பார்த்தால் நிலத்தை எடுப்பது நியாயமாகத் தெரியும். எல்லாரும் ஒரே நேரத்தில் எடுத்தால் நிலத்தை வாங்க ஆள் இருக்காது. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் என்ற வங்கித் தொழில் கம்பெனி விழுந்த கதையைப் பக்கத்தில் வையுங்கள், அங்கே பங்குதாரர் சிறைக்குப் போனார். இரண்டையும் அடுத்தடுத்து நடத்தினால் தவறான கணிப்பு எது, நம்பிக்கை மோசடி எது என்று மாணவரே கோடு போடுவார். ஆர்பத்நாட் விழுந்த அடுத்த வருஷம் இந்தியன் வங்கி தொடங்கியதும், 1937 பிப்ரவரியில் ஓவர்சீஸ் வங்கி சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் கதவு திறந்ததும் பிள்ளைகளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

காரைக்குடி_வணிகவியல்

பலகாரக் கேஸைப் படித்ததும் தோன்றிய கேள்வி. உண்மையாக நடந்த உள்ளூர் விவகாரத்தை, பேரை மட்டும் மாற்றி எழுதினால் போதுமா?

தேவகோட்டை_வக்கீல்

போதாது. 'கல்லுக்கட்டிப் பக்கம் மூன்று தலைமுறைப் பாத்திரக்கடை' என்று எழுதினால் பேர் எதற்கு? ஊரே சொல்லிவிடும். அவதூறு என்பது பேரைப் பார்ப்பதில்லை, படித்தவருக்கு ஆள் யாரென்று புரிந்ததா என்றுதான் பார்க்கும். பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 356-ம் பிரிவு, பழைய சட்டத்தின் 499. 'உண்மையைத்தானே எழுதினேன்' என்பது குற்ற வழக்கில் தனியாக நிற்காது. உண்மை என்பதோடு, வெளியிட்டது பொதுநலனுக்கு என்பதையும் காட்ட வேண்டும்.

செய்யக்கூடியவை: பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவுகள், ரிசர்வ் வங்கி அபராத அறிவிப்புகள், ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் என்.எஃப்.ஆர்.ஏ.வின் உத்தரவுகள், தீர்ப்புகள் எல்லாம் பொதுவில் இருக்கின்றன. அவற்றில் உள்ளதை உள்ளபடி எடுத்தால் பாதுகாப்பு. எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையும் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் நூறு ரூபாய் கட்டினால் பார்க்கலாம். தீர்ப்பை எடுக்கும்போது மேல்முறையீடு என்ன ஆயிற்று என்று பார்த்து எழுதுங்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை, மேலே நிறுத்திவைப்பு என்று இருந்தால் இரண்டையும் எழுத வேண்டும். 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்பதும் 'குற்றவாளி' என்பதும் வேறு வேறு.

உள்ளூர் வாசனை வேண்டும் என்றால் மூன்று நான்கு இடத்து நடைமுறைகளைக் கலந்து, இல்லாத ஒரு கடையை உருவாக்குங்கள். பொருள், ஊர், முதலாளியின் வயது, வாரிசு எண்ணிக்கை எல்லாம் மாறட்டும். தாளின் தலையிலேயே 'பயிற்சிக்காகப் புனைந்தது' என்று போடுங்கள். அப்படிப் போட்ட பிறகு வகுப்பில் 'இது யாருன்னு தெரியுமா' என்று கண்ணைச் சிமிட்டினால் தலைப்பில் போட்டது வீண்.

ரஸ்தா

ஒரு சந்தேகம் வக்கீல் சார். கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல புவிசார் குறியீடு வந்தாச்சு. விசைத்தறிச் சேலையைக் காரைக்குடிக் கண்டாங்கின்னு விக்குறதைக் கேஸா எழுதலாமா? கடை பேரு போடல.

தேவகோட்டை_வக்கீல்

தாராளமாக. நடைமுறையைப் பற்றி எழுதுவதில் தடையில்லை, ஆளைச் சுட்டுவதில்தான் சிக்கல். அதில் விலை விவரம் கட்டாயம் வையுங்கள், கைத்தறிக்காரர் கூலி எவ்வளவு, விசைத்தறிச் சேலை அடக்கம் எவ்வளவு என்று. நஷ்டம் யாருக்கு என்பது அப்போதுதான் தெரியும்: வாங்கியவருக்கா, நெய்தவருக்கா, ஒழுங்காக விற்கும் பக்கத்துக் கடைக்கா?

புதுவயல்_67

எல்லாரும் ஆர்வமாக எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு முரண்பாடு. இதெல்லாம் திருட்டுக்குப் பயிற்சி வகுப்பாகவும் ஆகலாமே? மெஷினை 243-ல் வைக்கலாம் என்று தெரியாதவனுக்கும் தெரிந்துவிடும்.

ஐந்தொகை

நியாயமான கேள்வி. பதில், எந்தப் பக்கத்திலிருந்து விவரம் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. வங்கிச் சான்றை எப்படிப் போலியாக அடிப்பது என்பது தேவையில்லை. உண்மையான உறுதிச் சான்று எப்படி வர வேண்டும் என்பது தேவை: ஆடிட்டரே கடிதம் அனுப்ப வேண்டும், முகவரியை ஆடிட்டரே சரிபார்க்க வேண்டும், பதில் கம்பெனி கைக்குப் போகாமல் நேரே ஆடிட்டருக்கு வர வேண்டும். வைப்பு இருந்தால் வட்டி வரும், வட்டி வந்தால் வங்கி பிடித்த வரி வருமான வரித் துறைப் பதிவில் இருக்கும், அதையும் ஒத்துப் பார்க்க வேண்டும். இது தெரிந்தவர் காவலுக்கு நிற்பார். திருட நினைப்பவருக்கு நம்ம வகுப்பு தேவைப்படாது.

ஆனால் உங்கள் பயத்தில் ஒரு உண்மை இருக்கிறது. தப்புச் செய்தவரைச் சாகசக்காரராக வர்ணிக்கும் கேஸ் உண்டு, அவர் வீடு, கார், கல்யாணச் செலவு என்று. அதை அப்படியே வெட்டுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

தலைவர்களையே பார்க்காமல் கீழே இருக்கிறவரையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியை எடுங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு என்று இலக்கு. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம், சுமார் 5,300 ஊழியர் வேலை நீக்கம். கேட்காத வாடிக்கையாளர் பெயரில் கணக்குத் திறந்திருக்கிறார்கள். மாணவருக்கு இலக்குத் தாளை மட்டும் கொடுங்கள், காலை 11 மணிக்கு எத்தனை, 1 மணிக்கு எத்தனை, 3 மணிக்கு எத்தனை என்று நேரம் போட்டு. கிளையில் ஒரு நாளைக்கு வரும் ஆள் எத்தனை பேர் என்று பக்கத்தில் எழுதுங்கள். வகுத்துப் பார்த்தால் நடக்காத காரியம் என்று தெரியும். நகைக்கடன் வாங்க வந்தவர் தலையில் இன்சூரன்ஸ் கட்டுவதை நம்ம பிள்ளைகள் அவர்களாகவே பேச ஆரம்பிப்பார்கள்.

ஈமு கோழி முதலீட்டுத் திட்டத்தை மறந்துவிடாதீர்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் சரிந்தது. அந்தக் காலத்து விளம்பரக் கணக்கு: ஒன்றரை லட்சம் கட்டினால் 6 குஞ்சு, மாதம் 6,000, வருஷ போனஸ் 20,000. ஆக வருஷம் 92,000, போட்ட பணத்தில் 61 சதவீதம். 'இதைக் கொடுக்கும் வாடிக்கையாளர் யார்' என்ற ஒரே கேள்வி போதும். முட்டையும் எண்ணெயும் வாங்க ஆள் இல்லை என்றால், அடுத்தாற்போல் பணம் கட்டுகிறவர்தான் வாடிக்கையாளர். இதற்கு 15 நிமிஷம் போதும், முழு வகுப்பு வேண்டாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. வீட்டில் தொழில் இருக்கும் பிள்ளையிடம் 'உங்க அப்பச்சி கடையில எப்படி' என்று யாரும் கேட்கக் கூடாது, ஆசிரியரும்தான். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் பேரில்லாத துண்டுச் சீட்டில் எழுதிப் போடட்டும், அதையும் வகுப்பில் படிக்க வேண்டாம்.

காரைக்குடி_வணிகவியல்

மதிப்பெண் எப்படிப் போடுவது? கட்டுரை கேட்டால் இணையத்திலிருந்து ஒட்டுகிறார்கள்.

ஐந்தொகை

கட்டுரை கேட்காதீர்கள். முதல் கவர் முடிந்ததும் வகுப்பிலேயே 15 நிமிஷத்தில் கையால் ஒரு பக்கம்: அந்த நாற்காலியில் இருந்து, அன்றைய தேதி போட்டு, யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவருக்கு ஒரு கடிதம். 20 மதிப்பெண் என்றால், எந்த எண்ணைப் பார்த்துச் சந்தேகம் என்பதற்கு 8. தப்பில்லாத காரணம் என்னவாக இருக்கலாம் என்பதற்கு 5. எந்த ஆவணத்தைக் கேட்கிறார் என்பதற்கு 4. தொனிக்கு 3, கடிதத்தைப் பெற்றவர் பதில் எழுதும்படி இருக்கிறதா என்று. 'மோசடி' என்ற சொல்லை ஆதாரமில்லாமல் எழுதினால் 2 குறையுங்கள். தமிழில் எழுத விடுங்கள். எதை எதோடு ஒத்துப் பார்ப்பது என்று தெரிந்தவரை இங்கிலீஷ் இலக்கணம் தடுக்கக் கூடாது.

நேரம்: படிக்க 15, குழுவாக 20, போர்டில் 25, கடிதம் 15, இரண்டாம் கவர் 15. குழு ஐந்து பேருக்கு மேல் போனால் இரண்டு பேர் சும்மா இருப்பார்கள். கவர் நான்கு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள், பேச்சுக் கெட்டிக்காரர் வகுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

12 வகுப்புக்கு முழுக் கேஸ் ஆறுதான். ஒவ்வொன்றுக்கும் அடுத்த வாரம், அதே இடத்தில் என்ன கட்டுப்பாடு வைத்திருந்தால் பிடித்திருக்கும், அதற்குச் செலவு எவ்வளவு என்று வடிவமைக்கும் வகுப்பு. கண்டுபிடிப்பதில் உள்ள சுவாரசியம் இதில் இருக்காது, பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். பரவாயில்லை, வேலையில் அவர்கள் செய்யப்போவது இதுதான்.

ரஸ்தா

பலகாரக் கேஸுக்கு ஒரு யோசனை. கடையில வாங்குன 20 பாக்கெட்டைக் கொண்டாரச் சொல்லி வகுப்புலயே எடை போடுங்க. ஒரு கிராம் காட்டுற தராசு வேணும், காய்கறித் தராசு ஆகாது. காலிப் பை எடையைத் தனியாப் பார்த்துக் கழிக்கணும், அலுமினியப் பூச்சுப் பை சாதாரணக் கவரைவிடக் கனம். கம்பெனிக்கு ஒரே ஒரு பாக்கெட் பத்தாது, ஒரே கம்பெனி, ஒரே பேட்ச் நம்பர்ல குறைஞ்சது பத்து பாக்கெட் இருக்கணும், இல்லாட்டி சராசரிக்கு அர்த்தமில்ல. கம்பெனி பேரை மறைச்சு அ, ஆ-ன்னு சீட்டு ஒட்டிருங்க, வக்கீல் சார் கோவிச்சுக்கப் போறார்.

தேவகோட்டை_வக்கீல்

சீட்டை நீங்களே முன்கூட்டி ஒட்டிக் கொண்டுவாருங்கள், மாணவர் கையில் கொடுத்து ஒட்டச் சொல்லாதீர்கள். எடை குறைந்தது என்று தெரிந்தால் வாட்ஸ்அப்பில் படம் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வகுப்பறைத் தராசு முத்திரை போட்டதாக இருக்காது, அந்த அளவை வைத்து யார் மேலும் புகார் சொல்ல முடியாது. பில்லையும் பிரிக்காத பாக்கெட் இரண்டையும் எடுத்து வையுங்கள், வேண்டுமானால் துறையே வந்து எடை போட்டுக்கொள்ளட்டும்.